சித்திரை ரேஸுக்கு எது ஓடும், எது ஓடாது

சித்திரை சீசன் நெருங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்த முறை எது அடிக்கும்?" காசு கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இலங்கையின் மலையூரான நுவரெலியாவில் ரேஸ் குதிரை பழக்குகிறவனுக்கு மார்ச் மாதம் முழுவதும் வேறு யோசனை. எதை ஓட விடுவது, எதை லாயத்திலேயே நிறுத்துவது?

கொழும்பில் 1956இல் ரேஸ் நின்றதிலிருந்து இந்த நாட்டில் குதிரைக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. 1875இல் தொடங்கிய எங்கள் மைதானத்தின் ஏப்ரல் ஓட்டங்கள்தான் எல்லோருடைய கண்ணிலும் இருக்கும், அதிலும் கவர்னர்ஸ் கப் என்ற பெரிய பந்தயம் என்றால் கேட்கவே வேண்டாம். வருடம் முழுவதும் தீனிக்கும் லாடத்துக்கும் மருந்துக்கும் செலவழித்த உரிமையாளரிடம் போய், "இந்த முறை வேண்டாம் சேர்" என்று சொல்வதைவிட, முரட்டுக் குதிரையின் பின்னங்காலைத் தூக்கிப் பிடிப்பது சுலபம்.

சரி, எங்கள் லாயத்துக்கு வருவோம். செவலை நல்ல நிலையில் இருக்கிறான். குறுகிய தூரம், கதவு திறந்ததும் முன்னால் போய்விடுவான். அவனுக்கு எதிரி இரண்டு: போன முறை வென்றதற்காக முதுகில் கூடுதலாக ஏற்றப்படும் பாரம், பின்னேர மழை. ஏப்ரலில் காலையில் வெயில் அடிக்கும், இரண்டு மணிக்கு இடி இடித்துக் கொட்டும், காலையில் கெட்டியாக இருந்த தரை ரேஸ் நேரத்தில் சேறாகிவிடும். சேற்றில் அவன் எட்டு வைக்கும் தூரம் குறைந்துபோகும். அதனால் தினமும் முன்னங்கால் பின்நரம்பைப் புறங்கையால் தடவிப் பார்க்கிறேன், கொஞ்சம் சூடு தெரிந்தாலும் ஓட்டம் இல்லை, நடை மட்டும்தான். இங்கே ஒரு வசதி, காலின் சூட்டைத் தணிக்க ஐஸ் தேட வேண்டாம், குழாயைத் திறந்தாலே போதும்.

கறுப்பி வேறு மாதிரி. காலில் குறையே இல்லை, மனசில்தான். புதுவருஷத்துக்கு வெடி, வாகன ஹோர்ன், கிரகரி ஏரிப் பக்கம் பாட்டுச் சத்தம் என்று ஊரே அதிரும்போது அவள் தீனியை வைத்துவிடுவாள். கரட் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள், அதுவும் கரட் விளையும் ஊரில்! அவளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், பேச்சு குறைவு. விடிய முதல் வேலையாகத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மிச்சம் வச்சிருக்கா தம்பி" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஸ்டொப்வொச்சை எடுப்பதில் அர்த்தமில்லை. காதில் பஞ்சு வைத்துப் பழக்குகிறோம், ஓரளவு அடங்குகிறாள். தொட்டி காலியாக இருந்தால்தான் ஓடுவாள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மூன்று வயதுக்காரன்தான். இந்தியாவில் பிறந்தவன், அழகன், உரிமையாளரின் செல்லம், ஆனால் மலைக்கு ஏறியதே பிந்தித்தான். இது 1,868 மீற்றர் உயரம், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மனிதன் ஓடினால் வேண்டியபோது இரண்டு மூச்சு கூட இழுத்துக்கொள்ளலாம். நாலுகால் பாய்ச்சலில் குதிரைக்கு ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுதான், அதற்கு மேல் இடமில்லை. இரத்தம் இந்த உயரத்துக்குப் பழக வாரக்கணக்காகும், பணத்தைக் கொட்டி அதை அவசரப்படுத்த முடியாது. இவன் கடைசி முந்நூறு மீற்றரில் தலையைத் தூக்குகிறான், ஓட்டம் முடிந்த பிறகும் விலா அடித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் செவலை அதற்குள் புல்லைத் தேடத் தொடங்கியிருப்பான். வெறும் நேரக்கணக்கைப் பார்த்தால் பையன் மோசமில்லை, அதனால்தான் உரிமையாளருக்குப் புரியவைக்க முடியவில்லை.

முதல் நாள் ரேஸுக்கு அவன் பெயரைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சீசனின் கடைசி நாளுக்குப் பார்க்கலாம், அதுவும் குறுகிய தூரத்தில், நல்ல ஜொக்கி கிடைத்தால். உரிமையாளர் இன்னும் சரி சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம்.