சிரிஞ்சுக்குள் ஓர் ஆட்டு வயிறு

ஜனவரி மாதம், காலை ஐந்தே முக்கால் மணி. ஊட்டியில் புல் மேல் உறைபனி உப்பு கொட்டியது போலக் கிடந்தது. ஆட்டுக்கறிக் கடைக்குப் பின்பக்கம் கையில் இரண்டு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு நின்றேன். கடைக்கார அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கறி வாங்க வர்றவங்களப் பாத்திருக்கேன், சாணித் தண்ணி வாங்க வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

அவர் சாணித் தண்ணி என்றது எங்கள் பாஷையில் ரூமன் லிக்கர். ஆட்டின் பெருவயிற்றில் இருக்கும் பச்சை நிறக் கலவையைப் பிழிந்தால் வரும் சாறு. ஆடும் மாடும் புல்லைத் தானாகச் செரிப்பதில்லை. அந்தச் சாற்றில் வாழும் பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும்தான் புல்லை நொதிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. ஆடு உயிர் வாழ்வது பெரும்பாலும் இந்த அமிலங்களில்தான். கூடவே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் ஏப்பமாக வெளியே போய்விடும். ஆட்டை விட்டுவிட்டு இந்த வேலையை மட்டும் ஒரு கண்ணாடி சிரிஞ்சுக்குள் நடக்க வைத்து, எவ்வளவு வாயு வந்தது என்று அளந்து, தீவனம் எவ்வளவு செரிக்கிறது என்று கணிப்பதுதான் என் முதுநிலை ஆய்வு. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மெங்கேயும் அவருடைய குழுவினரும் 1979இல் வெளியிட்ட முறை இது. 200 மில்லிகிராம் தீவனத் தூள், 10 மில்லி ரூமன் லிக்கர், 20 மில்லி பஃபர் (அமிலம் ஏறாமல் தாங்கும் உப்புக் கரைசல்), 39 டிகிரி சூடு, 24 மணி நேரம். உயிருள்ள மாட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பதென்றால் மாதக்கணக்கில் ஆகும்.

என்னைக் கிளப்பிவிட்டது கேத்தி பக்கம் கேரட் போடும் ஓர் அக்கா. "தழையெல்லாம் மாட்டுக்குத்தான் போடறோம் கண்ணு. பால் தண்ணியாப் போயிரும்னு சொல்றாங்க, நெசமா?" என்று கேட்டார். அதனால் நான் எடுத்துக்கொண்ட சாம்பிள்கள் கேரட் தழை, சந்தைக்கு உதவாத பிளந்த கேரட், இங்கே எங்கும் பரவிக் கிடக்கும் கிக்கூயூ புல், அப்புறம் சீகை (வாட்டில்) மர இலை.

முதல் நாள் தோற்றது குளிரால். மூன்று ஆடுகளின் வயிற்றுக் கலவையை நாலு மடிப்பு மஸ்லின் துணியில் பிழிந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி, ஆட்டோ பிடித்து லேபுக்கு வந்து தெர்மாமீட்டரை வைத்தால் 31 டிகிரி! ஃபிளாஸ்க்கை முன்கூட்டியே சுடுநீர் ஊற்றிச் சூடாக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். பனியில் கிடந்த ஃபிளாஸ்க் வந்த சூட்டைக் குடித்துவிட்டது. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வழக்கமாக முட்டி மோதிக்கொண்டு ஓடும் புரோட்டோசோவாக்கள் தூங்கி வழிந்தன, ஒன்றிரண்டு மட்டும் ஓரத்து ரோமங்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தன. எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்தேன். ஸ்லைடை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி மறுபடி வைத்தால் பாதிக்கு மேல் எழுந்து ஓடுகின்றன. அந்த ஊரில் கண்ணாடி ஸ்லைடே பனிக்கட்டிதான். சூடு காட்டாமல் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு ஃபிளாஸ்க்கில் 40 டிகிரித் தண்ணீரை நிரப்பிக் கம்பளித் துணியில் சுற்றி எடுத்துப்போவேன். கடை வாசலில்தான் தண்ணீரைக் கொட்டுவேன். சாற்றைக் கழுத்து வரை நிரப்பிவிட வேண்டும், காற்றுக்கு இடமே விடக்கூடாது. அந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் விஷம்.

பஃபர் தயாரிப்பது மட்டும் எனக்கு ஒவ்வொரு முறையும் வேடிக்கை. ரெசாசுரின் என்ற சாயம் கலந்த நீலக் கரைசலில் கார்பன் டை ஆக்சைடைக் குமிழியிட விட்டு, சோடியம் சல்ஃபைடைச் சேர்த்தால் நீலம் ரோஜா நிறமாகி, கொஞ்ச நேரத்தில் நிறமே இல்லாமல் போகும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுகிய முட்டை நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் சரி. இன்னொன்று, பிளஞ்சருக்குத் தடவும் வாசலினும் குளிரில் இறுகிவிடும். சிரிஞ்சுகளை முன்னதாகவே இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது ஓட்டத்தில்தான் பெரிய கோளாறு. ராத்திரி எல்லாம் சரியாக இருந்தது. காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் பிளந்த கேரட் போட்ட மூன்று சிரிஞ்சுகளிலும் பிளஞ்சர் கழன்று விழுந்து, தரையெல்லாம் பச்சைத் தண்ணீர். 100 மில்லி சிரிஞ்சில் திரவம் 30, மீதி வாயுவுக்கு. சர்க்கரை அதிகமுள்ள சாம்பிள் நிறைய வாயு கொடுக்கும் என்பது தெரியும், ஆனால் சிரிஞ்சையே உதறித் தள்ளும் அளவுக்கா? தராசைச் சந்தேகப்பட்டேன், என் கணக்கைச் சந்தேகப்பட்டேன். புல்லும் தழையும் கூட, நான் படித்த எண்களை விட மொத்தமாக ஒரு படி மேலேயே நின்றன.

வழிகாட்டி மேடத்துக்குப் போன் போட்டேன். "ஸ்டாண்டர்டு வைக்கோல் ரீடிங் என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். எவ்வளவு வாயு விடும் என்று முன்பே தெரிந்த வைக்கோல் அது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடவே வைப்பது. அதுவும் கூடுதல்தான். "அப்ப சாம்பிள்ல தப்பில்லை. உங்க ஊர்லதான் ஏதோ இருக்கு."

ஊரில் என்ன இருக்கும் என்று யோசித்தபடி அறைக்கு வந்தேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது வாங்கி, தின்னாமல் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் மேசையில் பலூன் போல உப்பிக்கொண்டு நின்றது. மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி. அதே கதைதானே என் சிரிஞ்சிலும்! சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதே அளவு வாயு இங்கே அதிக இடத்தைப் பிடிக்கும்.

உடனே வானிலைச் செய்தியைப் பார்த்து அழுத்தத்தைக் குறித்தேன். 1,012 மில்லிபார். திருத்தம் போட்டால் எதுவும் மாறவில்லை. அரை நாள் வீண். வானிலைக்காரர்கள் எந்த ஊர் அழுத்தத்தையும் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் சொல்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கைப்பேசியிலேயே அழுத்த உணரி இருந்தது, அது காட்டியது ஏறக்குறைய 780. அதே கைப்பேசி மேட்டுப்பாளையத்தில் 975 பக்கம் காட்டும்.

சும்மா 1,013ஐ 780ஆல் வகுத்தால் 1.30 வருகிறது. அதிலும் ஒரு சின்னச் சிக்கல். 39 டிகிரியில் சிரிஞ்சுக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம் சுமார் 70 மில்லிபார். அது மலையிலும் சமவெளியிலும் ஒன்றுதான், எனவே இரண்டு பக்கமும் கழித்துவிட்டு 943ஐ 710ஆல் வகுக்க வேண்டும்: 1.33. சமவெளியில் 40 மில்லி காட்டும் தீவனம் இங்கே 53 காட்டும். நோட்டில் ஒவ்வொரு ரீடிங் பக்கத்திலும் அழுத்தத்துக்கு ஒரு கட்டம் போட்டேன். சர்க்கரைச் சாம்பிள்களுக்கு எடையைப் பாதியாக்கினேன், எட்டாவது மணியிலேயே வாயுவைக் குறித்துக்கொண்டு வெளியேற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு பிளஞ்சர் கூட விழவில்லை.

அழுத்தத் திருத்தம் இருக்கிறதே என்று ஸ்டாண்டர்டு வைக்கோலை விட்டுவிடக் கூடாது. கறிக்கடை ஆடு நேற்று என்ன தின்றது என்று யாருக்கும் தெரியாது. வயிற்றில் துளை போட்டு வளர்க்கும் ஃபிஸ்டுலா மாடு இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. தீவனமே போடாத பிளாங்க் சிரிஞ்சுகளும் வேண்டும், ஏனென்றால் சாறு தனியாகவும் வாயு விடும்.

சீகை இலை மந்தமாகவே கிடந்தது. இலையில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்து வைத்த சிரிஞ்சில் மட்டும் அதே இலை நன்றாக வாயு விட்டது. ஆக, நுண்ணுயிர்களைக் கட்டிப்போட்டது டானின்தான்.

கேரட் தழை எட்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பகுதி வாயுவை விட்டுவிட்டது. கிக்கூயூ நிதானமாக, 24 மணி வரை இழுத்தது. அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். பால் கொழுப்புக்கு அசெட்டிக் அமிலம் வேண்டும், அது நார்த் தீவனத்தில்தான் நன்றாக வரும். புல்லைக் குறைத்துத் தழையையும் கேரட்டையும் மட்டுமே குவித்தால் பால் மெலிய வாய்ப்புண்டு, புல்லோடு கலந்து போட்டால் பயமில்லை என்றேன்.

"அது சரி கண்ணு. காலையில புல்லு, மத்தியானம் தழைன்னு போட்டா?"

அதற்கு சிரிஞ்சில் பதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் பார்த்திருந்தேன். அடுத்த நாள் காலை மறுபடி ஃபிளாஸ்க்கில் சுடுநீர் ஊற்றினேன்.