வசனம் ஏன் கேட்கவில்லை: எங்கள் ஹாலில் ஒரு 5.1

"பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது, பேசுவதுதான் கேட்கவில்லை" என்று அப்பா சொல்லத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. வயதாகிவிட்டது, காது மந்தமாகியிருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையில் இருவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஷோகேஸுக்குள் இருந்த சென்டர் ஸ்பீக்கரின் வலையில் காதை வைத்துப் பார்த்தேன். மற்ற நான்கு ஸ்பீக்கர்களிலும் வந்துகொண்டிருந்த அதே கலவைதான் அதிலும் வந்தது. ஓராண்டாக அப்பாவின் காதைக் குறை சொன்னது எத்தனை பெரிய தவறு என்று அப்போதுதான் புரிந்தது.

5.1 ஒலிப்பதிவில் ஆறு தடங்கள் தனித்தனியாக இருக்கின்றன. வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் வரும். இசை முன்பக்க இடத்திலும் வலத்திலும் விரியும். மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்றவை பக்கவாட்டில் இருந்து சூழும். ஆறாவது தடம் இடி, வெடி போன்ற 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வுகளை மட்டும் சுமப்பதால், அதை முழுத் தடமாக எண்ணாமல் 'புள்ளி ஒன்று' என்கிறார்கள். 1992-இல் டால்பி டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வரும் வரை, பெரும்பாலான 35 மி.மீ. பிரதிகளில் நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்து வைத்துப் பிறகு பிரித்தெடுத்தார்கள். எங்கள் வீட்டிலோ ஆறு தடங்களும் டிவிக்குள்ளேயே இரண்டாகச் சுருங்கிவிட்டன. டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' என்று, அதாவது டிவியே ஒலியை இரண்டு தடங்களாக்கி அனுப்பும்படி, இருந்தது. அதனால் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டிக்கு இரண்டு தடங்களே போய்ச் சேர்ந்தன, பொருத்திக் கொடுத்தவர் அவற்றையே ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பகிரும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை 'பாஸ் த்ரூ' (வந்த ஒலியை அப்படியே கடத்துவது) என்று மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்ற எழுத்து ஒளிர்ந்தது. சென்டர் ஸ்பீக்கரில் பேச்சு மட்டும் தெளிவாகப் பிரிந்து வந்தது. ஷோகேஸின் மரப்பெட்டிக்குள் அது அடைந்து ஒலித்ததால், விளிம்பு வரை முன்னுக்கு இழுத்து, முகம் சற்று மேல்நோக்கும்படி அடியில் ரப்பர் துண்டு வைத்தேன்.

அதன் பிறகுதான் மற்றவற்றையும் சரிபார்க்கும் ஆசை வந்தது. எங்கள் ஹால் 14 அடி நீளம், 12 அடி அகலம். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருக்கும். சுவரை ஒட்டிக் கிடந்த சோபாவை இரண்டரை அடி முன்னே நகர்த்தியதும், பக்கத்துக்கு 10 அடியாக அந்த முக்கோணம் அமைந்தது. பின்சுவரின் மேல் மூலைகளில் தொங்கிய, சூழும் ஒலிக்கான இரு 'சரவுண்ட்' ஸ்பீக்கர்களை, காதுக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 110 பாகையில், பக்கச் சுவர்களுக்கு இறக்கினேன்.

அவற்றில் ஒன்று எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. எல்லா ஒயர்களையும் ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் முனையிலும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு முனைக்குப் போகும் ஒயரில் பேட்டரியின் நேர்முனை பட்டால் ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு முன்னே தள்ள வேண்டும். நான்கு கூம்புகள் தள்ளின. வலப்பக்கச் சரவுண்ட் மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. சிவப்பும் கறுப்பும் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததால், இடப்பக்கம் காற்றை அழுத்தும் வேளையில் வலப்பக்கம் அதை விலக்கி, தாழ்ந்த ஒலிகளை ஒன்றையொன்று தின்னவைத்திருக்கின்றன.

ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறத்தாழ 0.9 மில்லி வினாடி ஆகிறது. முன் ஸ்பீக்கர்கள் 10 அடியிலும் பக்க ஸ்பீக்கர்கள் 6 அடியிலும் இருந்தால், பக்கத்து ஒலி மூன்றரை மில்லி வினாடி முந்திக்கொள்ளும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்புவதால், கவனம் திரையை விட்டுப் பக்கச் சுவருக்கு இழுபடும். டேப்பால் அளந்து தூரங்களை ரிசீவரில் பதிந்தால், அருகில் இருப்பவற்றை அதுவே அந்த அளவுக்குத் தாமதப்படுத்துகிறது. பிறகு ரிசீவரின் சோதனை இரைச்சலை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அமரும் இடத்தில் எல்லாம் 75 டெசிபல் வரும்படி சமன்செய்தேன். ஸ்பீக்கர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தை அறியக் கைப்பேசிச் செயலியே போதுமானதாக இருந்தது.

தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர்தான் அதிக நேரம் பிடித்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை எளிதில் தெரியாது என்பதால் அதை எங்கும் வைக்கலாம் என்பார்கள். ஆனால் அறை அதற்கு ஒத்துழைக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி, அதில் பாதி எங்கள் ஹாலின் நீளம். ஆகவே அந்த ஒலி முன்சுவரிலும் பின்சுவரிலும் குமுறும், நடு ஹாலில் ஏறக்குறைய மறையும். பின்சுவரை ஒட்டி அமர்ந்திருந்த அப்பாவின் தலை அந்தக் குமுறலுக்குள்தான் ஓராண்டு இருந்திருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி அவர் அமரும் சோபாவின் மேலேயே வைத்து, பேஸ் கிட்டார் மிகுந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டுக்கொண்டே போனேன். டிவிக்குப் பக்கத்து மூலையில் ஒரே உருமலாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, அம்மாவின் தையல் இயந்திரம் நின்ற இடத்தில், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சம அளவில் கேட்டது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு இயந்திரத்தைப் படுக்கையறைக்கு மாற்றி, சப்வூஃபரை அங்கே வைத்தோம். அன்றிரவு படம் பார்க்கும்போது அப்பா ரிமோட்டை எடுத்து, முன்பு வைத்துக் கேட்ட அளவிலிருந்து நான்கு புள்ளி குறைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.