சுவருக்கு நடப்பது பலகைக்கும் நடக்கட்டும்

அரூப ஓவியம், அதாவது எந்த உருவத்தையும் காட்டாத ஓவியம், பழகுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எதைப் பார்த்து வரையறீங்க?" மரம் வரைபவருக்கு எதிரே மரம் இருக்கிறது. எனக்கு இருப்பவை போனில் சேர்ந்து கிடக்கும் சுவர்ப் படங்கள். பெயின்ட் உரிந்த சுவர், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று அடித்து அதுவும் வெளுத்துப்போன சுவர், போஸ்டரைக் கிழித்த பிறகு பசைத் தடம் மட்டும் மிஞ்சிய சுவர், ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவர். இவற்றை வைத்துக்கொண்டு சின்னப் பலகைகளில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி தூரம் வந்தாயிற்று. எது கை கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பப் பலகைகளில் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே வரைந்தேன். உரிந்த விளிம்புக்குக் கீழே மெல்லிய நிழல், விரிசலுக்கு நுனி பிரஷ், உப்புப் பூத்த இடத்துக்கு ஸ்பாஞ்சால் ஒற்றிய வெள்ளை. பார்த்தவர்கள் "அசல் சுவர் மாதிரியே இருக்கு" என்றார்கள். பாராட்டுதான். ஆனால் அது சுவரின் உருவப்படம். மரத்துக்குப் பதில் சுவர், அவ்வளவுதான். சுவரில் என்னைப் பிடித்து நிறுத்துவது என்ன என்று யோசித்தபோது நிறங்கள் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டன. யாரும் திட்டமிடாமல் அது அப்படி ஆகியிருக்கிறது. ஒருவர் பெயின்ட் அடிக்கிறார், வெயில் வெளுக்கிறது, இன்னொருவர் போஸ்டர் ஒட்டுகிறார், வேறு யாரோ கிழிக்கிறார், மழை கழுவுகிறது. இந்த வரிசையைப் பலகைக்குக் கொண்டுவர முடியுமா? முடிந்தால் சுவரின் தோற்றமே எனக்கு வேண்டாம்.

சுவரைத் தேடிப்போன ஓவியர்கள் நிறையப் பேர் உண்டு. பாரிஸில் ரேமோன் ஆன்ஸும் ஜாக் வில்லெக்லேயும் 1949 முதல் தெருவில் கிழிந்து கிடந்த போஸ்டர்களையே உரித்து எடுத்துவந்து படமாக வைத்தார்கள். பார்சிலோனாவின் ஆந்தோனி தாப்பியெஸ் 1950களின் நடுவில் பெயின்டோடு பளிங்குத் தூளும் மணலும் கலந்து, கீறியும் குழித்தும் மதில் போன்ற பரப்புகளைச் செய்தார். இருவகைப் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தைரியம் கொடுத்தது சுவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம்.

அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்விட்டு நியூயார்க் திரும்பி, 'மலைகளும் கடலும்' என்ற பெரிய படத்தை வரைந்தார். அப்போது அவருக்கு 23 வயது. அடிப்பூச்சு இல்லாத வெறும் கேன்வாஸைத் தரையில் விரித்து, டர்பன்டைன் கலந்து நீர்த்துப்போன எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். வண்ணம் மேலே நிற்காமல் துணிக்குள் ஊறிப் பரவியது. தரையில் விரித்து வேலை செய்வதை அவர் எடுத்துக்கொண்டது ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கிடமிருந்து. அடுத்த வருடம் மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்ற இரண்டு ஓவியர்கள் ஃபிராங்கென்தாலரின் ஸ்டூடியோவுக்கு வந்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள். திரும்பிப் போய் அவர்களும் வண்ணத்தை ஊறவிட ஆரம்பித்தார்கள். பொல்லாக்கின் கோட்டு வலை, ஃபிராங்கென்தாலரின் கரைந்த நிலக்காட்சி, லூயிஸின் திரைதிரையாக வழியும் வண்ணம், நோலண்டின் வட்டங்கள், நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். அவர்களுக்குள் கைமாறியது வேலை செய்யும் முறை மட்டும்தான். (வெறும் துணியில் எண்ணெய் நேரடியாக ஊறினால் நாளடைவில் துணி மக்கும். இன்று அதையே தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தில் செய்தால் அந்தக் கவலை இல்லை.)

இந்திய அரூப ஓவியர் வி.எஸ். காய்தோண்டேவிடமிருந்தும் (1924–2001) நான் எடுத்துக்கொண்டது அப்படித்தான். அவர் படங்களில் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தால் சுமாரான நகல்தான் வரும். அவர் ரோலரும் கத்தியும் வைத்து வேலை செய்தவர், வருடத்துக்கு ஒரு சில படங்களோடு நிறுத்திக்கொண்டவர். ரோலரை வாங்கிக்கொண்டேன். நிறுத்திக்கொள்வது இன்னும் வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

பலகை 30 செ.மீ. சதுரம், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது). கேன்வாஸை விட்டதற்குக் காரணம் தேய்ப்பு. கேன்வாஸில் உப்புத்தாளை அழுத்தினால் துணி உள்ளே போய், பின்னால் இருக்கும் சட்டத்தின் விளிம்பு படத்தில் கோடாக விழும். பலகை அசையாது. ஆனால் எம்.டி.எஃப். தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், அதுவும் ஓரத்தில்தான் முதலில். அதனால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் அக்ரிலிக் மீடியத்தால் (நிறமி சேர்க்காத அக்ரிலிக்) அடைத்த பிறகுதான் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு. கடைசிப் பூச்சு ஜெஸ்ஸோவில் பளிங்குத் தூள் கலந்து ஸ்க்ரேப்பரால் இழுக்கிறேன். மேடும் பள்ளமும் இந்த இடத்திலேயே அமைந்துவிடுகின்றன. அளவை மாற்றுவதே இல்லை. அரூப ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் பல பத்தாண்டுகள் 6 அடிச் சதுரத்திலேயே வரைந்தார். முதுமையில் தூக்கிவைக்கச் சிரமமானபோதுதான் 5 அடிக்கு இறங்கினார். அளவு முடிவாகிவிட்டால் தலைவலியில் ஒன்று குறைகிறது.

முதல் பூச்சு இருட்டு. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். ட்யூபில் வரும் கறுப்பை ஏன் எடுப்பதில்லை என்றால், இந்தக் கலவையை நீலம் கூட்டிக் குளிர்த்தலாம், சியன்னா கூட்டிச் சூடாக்கலாம். ஒரே பூச்சிலேயே பலகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அப்படி நகர்த்தலாம். இது நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் மறுபடி கரையாது. என் வேலை மொத்தமும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. அடுத்த பூச்சை எவ்வளவு கழுவினாலும் அடியில் இருப்பது அசையாது.

அடுத்தது யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் டைட்டானியம் வெள்ளையும். ரோலரில் மெல்லிசாக உருட்டிவிட்டு, கையோடு ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளிக்கிறேன். பிறகு காத்திருப்பு. தலையைச் சாய்த்து, வெளிச்சம் பலகையில் வழுக்குமாறு பார்த்தால் பெயின்டின் பளபளப்பு மெல்லிய இடங்களிலிருந்து மங்கிக்கொண்டே வருவது தெரியும். துளிகள் மட்டும் பளபளவென்று நிற்கும். சுற்றி எல்லாம் மங்கி, துளிகள் தனித்தனியாகத் தெரியும் நேரத்தில் பழந்துணியால் ஒரே இழுப்பு. துளி விழுந்த இடம் மட்டும் துணியோடு வந்துவிடும். கீழே இருக்கும் கருநீலம் பொட்டுப் பொட்டாகத் திறக்கும். அதன் விளிம்பில் பாதி காய்ந்த பெயின்ட் சுருண்டு மயிரிழை அளவுக்கு ஒரு மேடு கட்டும். பிரஷ்ஷால் இந்த விளிம்பை வரையவே முடியாது. கொஞ்சம் முந்தினால் மொத்தமும் வழிந்து போகும், கொஞ்சம் பிந்தினால் எதுவும் வராது. ஃபேன் ஓடுகிறதா, காற்றில் ஈரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து நேரம் மாறுவதால் கடிகாரம் பார்த்துப் பயனில்லை, பளபளப்பைத்தான் பார்க்க வேண்டும்.

துளியெல்லாம் இறுகிய பிறகும் திறக்க வேண்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் ஒற்றினால் பூச்சு இளகிக் கிளம்பும். அளவு மீறினால் அடிப்பூச்சையும் கொண்டுபோய்விடும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வது நல்லது. எனக்கு இது அவசரத்துக்கு மட்டும்.

போஸ்டர் கிழிப்பதற்கு டிஷ்யூ தாள். அக்ரிலிக் மீடியத்தை அங்கங்கே மட்டும் தடவி ஒட்டி, மேலே பெயின்ட் உருட்டி, பாதி காய்ந்ததும் பிடித்து உரிக்கிறேன். மீடியம் பட்ட இடத்தில் தாள் நிற்கும், படாத இடத்தில் பெயின்டையும் இழுத்துக்கொண்டு வரும். நியூஸ்பிரிண்ட் இதற்கு ஆகாது; அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காரணமாக நாளாக நாளாகப் பழுப்பேறி நொறுங்கும். அமிலம் இல்லாத டிஷ்யூ என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிறகு தேய்ப்பு. அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக், உலரத் தேய்த்தால் சூடேறி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். 400 நம்பர் வாட்டர்ப் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசியும் பறக்காது. காட்மியம் போன்ற நிறமிகளின் தூசி மூச்சில் போவது ஆபத்து என்பதால் அந்த நிறங்களைத் தேய்க்கும் தொடரில் சேர்ப்பதே இல்லை. தேய்த்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வாளியில் தெளியவிட்டு, அடியில் நிற்கும் சேற்றைக் காகிதத்தில் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன். தேய்க்கத் தேய்க்க, பளிங்குத் தூள் போட்ட மேடுகளின் தலை முதலில் திறக்கும்: வெள்ளை, சுற்றிக் கருநீலம், சுற்றி ஓக்கர். இந்தக் கட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் என் கையில். என்ன வெளிவரும் என்பது முன்பே அடியில் போட்டாயிற்று.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். நிறமியைப் பிடித்துவைக்கும் பைண்டர் ஈரத்தில் பால்போல் வெள்ளையாக இருந்து காயும்போது தெளிவதால் இப்படி. அதனால் கலக்கும்போதே ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவைத்துப் பார்க்கிறேன். அதைவிடப் பெரிய ஏமாற்று, நிறம் பக்கத்து நிறத்தால் மாறுவது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் நெய்த நிறங்களால்தான் அப்படித் தெரிகிறது என்று கண்டார். 1839இல் அதையே பெரிய நூலாக எழுதினார். என் பலகையில் ஓக்கருக்கு நடுவே திறந்த சாம்பல் நிறம் அச்சு அசலாக நீலமாகத் தெரிந்தது. வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியே பார்த்தால் வெறும் சாம்பல். அன்றிலிருந்து ட்யூப் நீலத்தின் செலவு பாதியாகிவிட்டது. நீலம் வேண்டிய இடத்தில் சாம்பலைத் திறந்துவிட்டு ஓக்கரை வேலை வாங்கிக்கொள்கிறேன்.

கறை படிந்த சுவர்களைப் பார், அவற்றில் நிலக்காட்சியும் போரும் முகங்களும் தெரியும் என்று லியொனார்டோ டா வின்சி இளம் ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது உதவியது. எனக்கு அதுதான் எமன். நன்றாக வந்திருந்த ஒரு பலகையை அண்ணன் மகள் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது ஆஸ்திரேலியாதானே? கீழே டாஸ்மேனியாகூட இருக்கு" என்றாள். பார்த்தேன். இருந்தது. அதற்கப்புறம் அந்தப் படத்தில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு பூச்சு மேலே ஏற்றி, டாஸ்மேனியாவை மூழ்கடித்து, மறுபடி தேய்த்துத் திறந்தேன். முன்னைவிட ஆழமாகவே வந்தது. இப்போது முடியும் தறுவாயில் இருக்கும் ஒவ்வொரு பலகையையும் நான்கு பக்கமும் திருப்பி வைத்து அவளைக் கூப்பிடுகிறேன். நாய், மேகம், வரைபடம் என்று எதுவும் சொல்லாமல் "ம்ம்" என்று போனால் தேர்ச்சி. எந்த விமர்சகரும் இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்.

வேலை முடிந்து வந்த பிறகு மாலையில்தான் இதெல்லாம். களைப்பான நாளில் பலகைக்கு மீடியம் அடைப்பது, டேப் உரிப்பது, ரோலர் கழுவுவது. நாற்காலி போட்டுச் சும்மா பார்ப்பதும் உண்டு. போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்து, இருட்டும் வெளிச்சமும் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மனநிலைக்காகக் காத்திருப்பது என்ற பேச்சே இந்த முறையில் எழுவதில்லை, ஏனென்றால் ஏதாவது ஒரு பலகை எப்போதும் அடுத்த பூச்சுக்குக் காய்ந்து காத்திருக்கும்.

இப்போது உறுத்துவது ஒன்று. சுவரில் பல கைகள் வேலை செய்கின்றன, ஒருவரை ஒருவர் கேட்காமல். என் பலகையில் ஒட்டுவதும் நான், கிழிப்பதும் நான். எதிர்பாராதது என்று நான் சொல்லிக்கொள்வது எல்லாம் எனக்குப் பிடித்த அளவுக்கு எதிர்பாராததாகவே இருக்கிறது. எல்லாப் பலகையும் ஒரே அடக்கமான ஓக்கர் நிறத்தில் வந்து முடிவதைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் அடுத்த சில பலகைகளில் நடுப் பூச்சு ஒன்றை வேறு ஆளிடம் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நிபந்தனை எதுவும் இல்லை, நான் அந்த அறையில் இருக்கவும் மாட்டேன்.

முதல் ஆள் அண்ணன் மகள்தான். "எந்தக் கலர் வேணும்னாலும் அடிக்கலாமா?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு ஃப்ளூரசென்ட் பிங்க்கை எடுத்து வைத்திருக்கிறாள். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும் நிறம் அது. நானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். பலகைகளுக்கு இரண்டாவது ஜெஸ்ஸோ போட்டாயிற்று, சனிக்கிழமை வருகிறாள்.