சித்தப்பா காட்டிய பிச்சாவரம்

சித்தப்பா காலமான பிறகு நாங்கள் குடும்பமாகச் சென்ற முதல் பயணம் பிச்சாவரத்திற்குத்தான். கடலூர் முதுநகரில் இரும்புக் கடை வைத்திருந்த அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு; அன்றும் அவர் வீட்டில் படுத்துக் கிடந்ததாக எனக்கு நினைவில்லை. செஞ்சியின் இராஜகிரி மலை, திருவக்கரைக் கல்மரப் பூங்கா, ஊசுட்டேரி என்று முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் சுற்றியவர். ஆனால் அவரை ஊர்சுற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எந்த இடமானாலும் முதலில் தனியாகப் போய் வழி, தண்ணீர், நிழல் எல்லாவற்றையும் பார்த்து வந்து, அடுத்த வாரமே சித்தியையும் பிள்ளைகளையும் எங்களையும் சேர்த்து அழைத்துச் செல்வார். குடும்பத்துக்குக் காட்டாத இடத்தைத் தாம் பார்த்த இடமாக அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை.

இந்த முறை காரை ஓட்டியவள் அவர் மகள், என் தங்கை. சிதம்பரம் சாலையில் வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளை வழியாகப் படகுத்துறையை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அங்கே விசைப்படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. சித்தப்பா எங்களை விசைப்படகில் ஏற விட்டதில்லை. அது அகன்ற கால்வாயோடு திரும்பிவிடும், மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும் என்பார்.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருக்கும் இந்த அலையாத்திக் காடு 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்று, தம் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததைப் போலச் சித்தப்பா எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தார். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகம் தணிந்ததை அவர் சொல்லாமல் இருந்த படகுப் பயணமே கிடையாது.

ஓடைக்குள் நுழைந்ததும் தங்கை வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்துத் தன் மகனிடம் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சும் உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. சிறுவயதில் எங்களுக்கும் சித்தப்பா இப்படித்தான் பாடம் எடுத்தார். சுரபுன்னையின் ஊன்றுவேர்களில் ஈரத்தின் கறை எந்த உயரம் வரை படிந்திருக்கிறது என்று பார்த்து, ஓதம் (கடல்நீர் ஏற்றவற்றம்) ஏறுகிறதா வடிகிறதா என்பதைச் சொல்லிவிடுவார். தில்லை மரக் கிளையை மட்டும் தொட விடமாட்டார். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் துன்பம். "கையை உள்ளே வைம்மா, வேர்ல இருக்கிற சிப்பி கிழிச்சிடும்" என்று அவர் அதட்டும் குரலிலேயே தங்கை மகனை அதட்டியபோது, சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சித்திக்குத் தண்ணீர் என்றால் பயம். முதன்முதலில் இங்கே வந்தபோது சித்தப்பா அவரைப் படகின் நடுப்பலகையில் உட்கார வைத்து, தாம் எதிரே முழங்கால் இடிக்க அமர்ந்து, கரை சேரும்வரை பேச்சை நிறுத்தவில்லையாம். மளிகைக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தாம்பரத்து நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று என்னென்னவோ பேசினாராம். இதைச் சித்தி படகோட்டியிடம்தான் சொன்னார். எங்களிடம் இதுவரை சொன்னதில்லை. மலையேற்றமும் படகும் தெரிந்த மனிதரை நாங்கள் அறிவோம்; பயந்த மனைவிக்காக மளிகைக் கணக்குப் பேசிய மனிதரை அன்றுதான் அறிந்தோம். எனக்கு இவரே பெரியவராகத் தெரிகிறார்.

பிச்சாவரம் செல்ல நினைப்பவர்களுக்குச் சித்தப்பாவின் முறையையே சொல்கிறேன். காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். துடுப்புப் படகாகக் கேளுங்கள். தண்ணீருக்குப் பயந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். நடுப்பலகையில் உட்கார வைத்து, நீங்கள் எதிரே உட்காருங்கள்.