எம்ஜிபி-யின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்: பிரித்து மாட்டி ட்யூன் செய்த அனுபவம்

என்னுடைய 1966 எம்ஜிபி ரோட்ஸ்டரின் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தருபவை; எஸ்யூ என்பது தயாரிப்பாளர் பெயர்) இந்தக் குளிர்காலத்தில் கழற்றிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்ப மாட்டியாயிற்று. இப்போது சிக்னலில் நின்றால் வண்டி அணைவதில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இது. எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ், 1798 சிசி. நம் ஊர் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடர் பானெட்டுக்குள் தலையைவிட்டுப் பழகிய மெக்கானிக் யாருக்கும் இந்த எஞ்சின் புதிதாகத் தெரியாது.

பிரச்சினை ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது இருந்தது. எஞ்சின் சூடானதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) தானாக 1100 வரை ஏறும். ஆக்சிலரேட்டரைத் தட்டிவிட்டால் 600-க்கு விழுந்து தடுமாறும், சில நேரம் அணைந்தே போகும். இப்படி ஆனால் எல்லோருக்கும் கை முதலில் போகிற இடம், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் நட். அதற்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டாப்பெட் (வால்வைத் திறக்கும் அமைப்பின் இடைவெளி), சிபி பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்தொடர்பு முனை), டைமிங் (பொறி விழும் நேரம்) மூன்றும் சரியாக இருந்தால்தான் மிக்சரைத் திருப்புவதில் அர்த்தம் உண்டு.

அதனால் முதலில் டாப்பெட். எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். இதற்கு ஒன்பது கணக்கு என்று ஒரு சுலபமான வழி இருக்கிறது: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை செட் பண்ண வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை, கூட்டினால் எப்போதும் ஒன்பது. அப்புறம் சிபி பாயிண்ட், அதற்கும் அதே 0.015 அங்குலம். டைமிங் 10 டிகிரி. இவ்வளவும் முடித்தபின் வண்டி கொஞ்சம் தெளிந்தது, ஆனால் ஆர்பிஎம் ஏறி இறங்குவது நிற்கவில்லை.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். பி சீரிஸ் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இன்டேக் வழி இரண்டுதான். முன் கார்புரேட்டர் 1, 2-க்கும், பின் கார்புரேட்டர் 3, 4-க்கும் கொடுக்கிறது. ஆகவே பிளக்கின் நிறம் ஜோடி ஜோடியாகப் பேசும். என் வண்டியில் 1, 2 நல்ல பழுப்பு நிறம். 3, 4 வெளிறிப் போயிருந்தன. பின் கார்புரேட்டர் பக்கம் எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

எங்கே என்று கண்டுபிடிக்க, காற்று வழியை மூடித் திறக்கும் பட்டாம்பூச்சித் தகட்டைத் தாங்கும் ஆக்சிலரேட்டர் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். கையிலேயே ஆட்டம் தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் கேபிளும் ஸ்பிரிங்கும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருந்தால் ஸ்பிண்டிலும் தேயும், அது உட்கார்ந்திருக்கும் பாடியின் துளையும் நீள்வட்டமாகும். அந்த இடுக்கு வழியாக அளவில்லாமல் காற்று போகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் வேறு வேறு இடத்தில் உட்காருவதால் ஸ்லோ ஸ்பீட் நிலைக்காது. இதற்கு மிக்சர் நட்டை எத்தனை தரம் திருப்பினாலும் பயன் இல்லை.

ஸ்பிண்டில் விட்டம் 5/16 அங்குலம். பாடி துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி புஷ் (உள்வளையம்) இறக்கும் வேலையை லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும்; கையால் செய்கிற வேலை இல்லை. புது ஸ்பிண்டிலில் பட்டாம்பூச்சித் தகட்டை மாட்டுவதை நானே செய்தேன். ஸ்க்ரூவை லேசாகப் பிடித்துவிட்டு, தகட்டை இரண்டு மூன்று முறை மூடித் திறந்தால் அது தானாகத் தன் இடத்தைப் பிடிக்கும். அப்புறம் இறுக்கி, ஸ்க்ரூவின் பிளந்த நுனியைக் கவனமாக விரித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்க்ரூ கழன்று நேராக சிலிண்டருக்குள் போய்விடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஜெட்டை (பெட்ரோல் வெளிவரும் சிறு குழாயை) நடுவில் நிறுத்துவது. எஸ்யூ கார்புரேட்டரில் எஞ்சின் உறிஞ்சும் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் கூம்பிக்கொண்டே போகும் ஓர் ஊசி, 0.090 அங்குல ஜெட்டுக்குள் ஏறி இறங்கி பெட்ரோலை அளக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் தானே கூடும். 1900-களின் தொடக்கத்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய இந்த யோசனை இத்தனை காலம் நின்றதில் எனக்கு வியப்பே இல்லை. 1966 வண்டியில் ஊசி பிஸ்டனோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அது ஜெட்டின் சுவரில் உரசினால் எல்லாம் கெட்டது. ஜெட்டின் பெரிய நட்டைத் தளர்த்தி, ஜெட்டை உச்சிவரை ஏற்றி, பிஸ்டனை மெதுவாகக் கீழே அழுத்திக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் "டக்" என்று உலோகச் சத்தம் கேட்கும். ஜெட்டை இறக்கி வைத்தும் அதே போலத் தூக்கி விட வேண்டும். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. இரண்டாவது முதலாவதைவிடக் கூர்மையாகக் கேட்டால், ஜெட் மேலே இருக்கும்போது ஊசி எங்கோ தொடுகிறது. மறுபடி தளர்த்தி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். முன் கார்புரேட்டர் சீக்கிரம் ஒத்துழைத்தது, பின்னது ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொண்டது. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனையும் அதன் மேல்மூடியையும் இன்னொன்றோடு மாற்றிவிடக் கூடாது. அவை ஜோடியாகப் பொருந்தியவை.

மாட்டியபின், பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் தடுக்கும் டேம்பருக்குள் 20 கிரேடு ஆயில். ஜெட்டின் அடியிலுள்ள மிக்சர் நட்டை மேலே ஏற்றிவிட்டு அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச்சுற்று இறக்கினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டு சீற்றமும் ஒரே அளவுக்கு வரும்வரை ஸ்லோ ஸ்பீட் ஸ்க்ரூவைத் திருப்பினேன். மிக்சருக்கு பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே விழுந்தால் குறைவு, லேசாக ஏறி இறங்கினால் சரியான அளவு. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறும் என்பதால் முன்னும் பின்னும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

கையோடு பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன். இங்கே பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. பழைய ரப்பரை எத்தனால் அரிக்கும். இந்த வண்டியில் கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருப்பதால், ஒரு சொட்டுக் கசிவும் ஆபத்து. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ரப்பர் போட்டு, எத்தனால் குறைவான சூப்பர் பெட்ரோல்தான் நிரப்புகிறேன்.

ஸ்லோ ஸ்பீட் இப்போது 750-ல் நிற்கிறது. நான்கு பிளக்கும் ஒரே பழுப்பு. 3000-க்கு மேல் இழுவை மட்டும் கொஞ்சம் மந்தம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அடுத்து ஸ்ட்ரோப் லைட் (எஞ்சின் ஓடும்போதே டைமிங்கைக் காட்டும் மின்னும் விளக்கு) வைத்துப் பார்க்கப் போகிறேன். இது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; அதனால் லைட்டின் சிவப்பு கிளிப்பை பாடியில்தான் மாட்ட வேண்டும்.