மணல் போன திசையில்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காந்தி சிலையில் தொடங்குவார்கள். கடலரிப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தெற்கே வீராம்பட்டினத்தில் தொடங்க வேண்டும். செங்கழுநீர் அம்மன் கோயிலைத் தாண்டிக் கரைக்கு வந்தால் கால் புதையப் புதைய மணல். படகு ஏற்ற, வலை உலர்த்த, பையன்கள் கிரிக்கெட் ஆட, எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. இங்கே நின்றுகொண்டு கடலரிப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தச் செழிப்புக்குக் காரணம் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள். நம் கிழக்குக் கரையில் வாடைக்காற்று மாதங்களில் மணல் தெற்கே நகரும். மற்ற மாதங்களில் வடக்கே. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போயாக வேண்டும். குறுக்கே சுவர் வந்தால் தெற்குக் கரை கொழுக்கும், வடக்குக் கரை பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரையை இழந்ததும் இதே கணக்கில்தான். தேங்கும் மணலை வாரி வடக்கே தள்ளுவதும் புதுச்சேரித் துறைமுகத் திட்டத்தில் இருந்தது. சுவர் மட்டும் தவறாமல் நின்றது. மணல் தள்ளும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

நகரக் கடற்கரைச் சாலையில் ஒரு தலைமுறை மணலையே பார்க்காமல் கருங்கல் மேல் உட்கார்ந்து காற்று வாங்கியது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த எஃகுத் தடுப்பு ஒன்றை நீருக்கடியில் இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைய, மணல் திரும்பி வந்து படிந்தது. மாலையில் அங்கே கால் நனைக்கும் கூட்டத்தைப் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. வடக்கே போகப் போகக் காட்சி மாறுகிறது. ஓரிடத்தில் உறைகிணறு ஒன்று, சுற்றியிருந்த மண் முழுதும் போய், அடுக்கிய சிமெண்ட் உறைகளோடு அலைக்குள் ஆளுயரத்துக்கு நின்றது. யாரோ குனிந்து தண்ணீர் இறைத்த கிணறு. இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம், கரையில் கல் கொட்டியது உதவியதா என்று கேட்டேன்.

“வீடு தப்பித்தது தம்பி, தொழில் தப்பவில்லை. கல் மேல் படகை எப்படி ஏற்றுவது? கரைவலையை எங்கே நின்று இழுப்பது?”

கற்சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் அரித்துக்கொண்டு போகும். அதனால்தான் ஊர்கள் தூண்டில் வளைவு கேட்கின்றன. கடலுக்குள் வளைந்து நீளும் அந்தக் கல்வரிசை கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும்; படகு ஏற்றக் கரை கிடைக்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாசலில் அலை வந்து நிற்கும்போது யார்தான் பக்கத்து ஊரை நினைப்பார்கள்? ஆனால் இங்கே பிடித்த மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். தெற்கே குவிந்ததை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் நோய்க்கான மருந்து; மற்றதெல்லாம் வலியை அடுத்தவருக்கு மாற்றும் வைத்தியம்.

அடுத்தவர் யார் என்பதில்தான் வேடிக்கை. முதலியார்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்தால் வருவது பிள்ளைச்சாவடி. அங்கேயும் கடல் வீடுகளை நெருங்கி அரிக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்: பிள்ளைச்சாவடி மறுபடியும் புதுச்சேரி மாநிலம்.