தண்டையார்பேட்டை வீட்டுல ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி

மூணு ராத்திரி முழிச்சு இன்னைக்குத்தான் கருவியை ஒழுங்கா செட் பண்ணேன். நொடிக்கு 100 மாதிரி (நொடிக்கு நூறு தடவை அதிர்வை அளக்கும்), மினிசீட் வடிவம் (நிலநடுக்கப் பதிவைச் சேமிக்கிற ஃபைல் வகை), சீட்லிங்க் (அந்தப் பதிவை நெட் வழியா உடனுக்குடன் அனுப்புற முறை) போர்ட் 18000. 512 பைட் ரெக்கார்டு, அதாவது ஒரு சின்னத் தகவல் பொட்டலம், நிரம்பினாதான் அனுப்பும். மாதிரி எண்ணிக்கையைக் குறைச்சா தகவல் தாமதமாத்தான் போய்ச் சேரும், கவனிங்க.

நேத்து கரண்ட் போய் மோடம் அணைஞ்சிடுச்சு. பேட்டரியில ஓடின கருவி மெமரி கார்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு. லைன் வந்ததும், வாங்குற கம்ப்யூட்டர் தனக்குக் கடைசியா வந்த ரெக்கார்டோட வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்க, விட்ட இடத்துலேர்ந்து அப்படியே வந்துச்சு. ஒரு நொடிகூட விடுபடல! அவ்வளவு சந்தோஷம்.

கருவிக்குச் சரியான நேரம் தர்ற ஜிபிஎஸ் ஆன்டெனா மொட்டை மாடித் தண்ணித் தொட்டி பக்கத்துல. நேரம் பிசகினா பதிவே வீண்.

கன்டெய்னர் லாரி போறப்பல்லாம் திரையில கோடு தடிக்குது. 2004 டிசம்பர் 26 காலைல காசிமேட்டுக் கரையில நின்ன எங்க சித்தப்பா, அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.